யொரூபா வழிச் சமயங்கள் பற்றிய நூல்கள்

யொரூபா வழிச் சமயங்கள் என்பன, மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுடைய வழிபாட்டிலிருந்து அமெரிக்கக் கண்டங்களில் உருவான சமயங்கள் ஆகும். கியூபாவின் சாந்தேரியா, பிரேசிலின் கண்டோம்பிளே, டிரினிடாட்டின் ஒரிசா வழிபாடு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றைப் பற்றிய தொடக்ககால நூல்கள் சில இவ்வழிபாட்டைக் குற்றச்செயலாகவே நோக்கின. பிற்கால நூல்கள் முறையான சமயமாக ஏற்று ஆராய்ந்தன. எனவே ஒரு நூல் எக்காலத்தில், எந்நோக்கில் எழுதப்பட்டது என்பதை அறிந்து படித்தல் இன்றியமையாதது.

பின்னணி

யொரூபா மக்களின் தாயகம் இன்றைய தென்மேற்கு நைஜீரியாவும் அதனை அடுத்துள்ள பெனின் பகுதியும் ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓயோ பேரரசு சிதைவுற்றபோது, போர்களில் சிறைப்பட்ட பலர் அடிமைகளாகக் கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். ஒலோதுமாரே என்னும் முழுமுதற் கடவுளையும், ஒரிசாக்கள் எனப்படும் தெய்வங்களையும் அவர்கள் வழிபட்டனர். இடிக்குரிய சாங்கோ, இரும்புக்குரிய ஓகுன் ஆகியோர் ஒரிசாக்களுள் சிலர். கியூபாவில் சாங்கோ, கத்தோலிக்கப் புனிதரான பார்பராவுடன் இணைத்து வழிபடப்படுகிறார். சமய அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவும் தீட்சை வழியாகவும் கைமாற்றப்பட்டது.

தொடக்ககால நூல்கள்

கியூப அறிஞர் பெர்னாண்டோ ஓர்ட்டிசு 1906 இல் "லோஸ் நெக்ரோஸ் புரூஹோஸ்" (கறுப்பினச் சூனியக்காரர்கள்) என்னும் நூலை வெளியிட்டார். இத்தாலியக் குற்றவியலாளர் லொம்புரோசோவின் கொள்கையைத் தழுவிய இந்நூல், இவ்வழிபாட்டைச் சமூகக் கேடாகக் கருதியது. பின்னாளில் ஓர்ட்டிசு ஆப்பிரிக்க-கியூபப் பண்பாட்டை மதித்துப் போற்றியவர் என்பதால், இதனை அவருடைய இறுதி நிலைப்பாடாகக் கொள்ளலாகாது.

அமெரிக்க மானிடவியலாளர் ரூத் லாண்டசு எழுதிய "த சிட்டி ஆஃப் விமன்" (பெண்களின் நகரம், 1947), பிரேசிலின் சல்வடோர் நகரில் 1938-39 இல் அவர் செய்த கள ஆய்வின் விளைவாகும். கண்டோம்பிளே கோயில்களில் பெண் பூசகர்கள் பெற்றிருந்த தலைமை இடத்தை இது விளக்குகிறது.

லிடியா கப்ரேரா 1954 இல் அவானாவில் வெளியிட்ட "எல் மொந்தே" (காடு), சமயப் பெரியோர் கூறியவற்றை அவர்களுடைய சொற்களிலேயே பதிவு செய்தது. வழிபாட்டிலும் மருத்துவத்திலும் பயன்படும் செடிகொடிகளின் விரிவான பட்டியலும் இதில் உண்டு. சமயத்தைப் பின்பற்றுவோரே இந்நூலைக் கைநூலாகப் பயன்படுத்துவது குறிப்பிடத்தக்கது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023 இல் வெளிவந்தது.

குறி பார்த்தல் பற்றிய நூல்கள்

வில்லியம் பாசுகம் எழுதிய "இஃபா டிவினேஷன்" (1969), பனங்கொட்டைகளைக் கொண்டு குறி பார்க்கும் இஃபா முறையை விளக்குகிறது. இம்முறையில் 256 குறிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய செய்யுள்கள் மனப்பாடமாகப் பேணப்படுகின்றன. அவருடைய "சிக்ஸ்டீன் கவுரீஸ்" (1980), பதினாறு சோழிகளால் குறி பார்க்கும் முறையைப் பற்றியது. சோழிக் குறி சாந்தேரியாவிலும் வழக்கில் இருப்பதால், ஆப்பிரிக்க, கியூப மரபுகளை ஒப்பிட இந்நூல் உதவும்.

பிற்கால ஆய்வுகள்

* "சான்டேரியா: ஆன் ஆப்பிரிக்கன் ரிலிஜன் இன் அமெரிக்கா" (1988) - ஜோசப் மர்பி. புதிதாகப் படிப்போருக்கு ஏற்றது.
* "பிளாஷ் ஆஃப் த ஸ்பிரிட்" (1983) - ராபர்ட் பாரிஸ் தாம்சன். ஆப்பிரிக்கக் கலை மரபுகளின் தொடர்ச்சியை ஆராய்கிறது.
* "பிளாக் அட்லாண்டிக் ரிலிஜன்" (2005) - லொராண்ட் மாட்டரி. கண்டோம்பிளே மாறாமல் எஞ்சிய பழமை அன்று; பிரேசிலுக்கும் லாகோசுக்கும் இடையே சென்றுவந்த வணிகர்களும் பூசகர்களும் அதனை உருவாக்குவதில் பங்கு கொண்டனர் என வாதிடுகிறது.

சட்டமும் சமய உரிமையும்

புளோரிடாவின் ஐயலியா நகரசபை 1987 இல் விலங்குப் பலியைத் தடை செய்தது. சாந்தேரியா சபையொன்று தொடுத்த வழக்கில், ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993 இல் அத்தடை சமய உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. டேவிட் ஓ'பிரையன் எழுதிய "அனிமல் சாக்ரிபைஸ் அண்ட் ரிலிஜியஸ் ப்ரீடம்" (2004) இவ்வழக்கின் வரலாற்றைக் கூறுகிறது. 1906 இல் குற்றவியலின் பொருளாக நோக்கப்பட்ட ஒரு வழிபாடு, அந்நூற்றாண்டு முடிவதற்குள் சட்டப் பாதுகாப்புப் பெற்றதை இவ்விரு நூல்களையும் ஒப்பிட்டு அறியலாம்.