கிணறு எண்ணினவங்க கதை

சென்னையிலிருந்து பெங்களூருக்கு பஸ்ல போறவங்க, வாலாஜா டோல்கேட் தாண்டினதும் ஜன்னலைச் சாத்துவீங்க. அந்த வாடைக்குள்ளதான் எங்க கயனி இருக்கு. அந்த வாடையோட வரலாறை இன்னிக்குக் கொஞ்சம் சொல்றேன்.

தோல் வேலை இங்க நேத்து வந்தது இல்லை. எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்குல ஊற வைப்பாங்க. அந்தத் தண்ணியும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். ஆனா அளவு கம்மி. 1970கள்ல அரசாங்கம், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி பண்ணாதே, முழுசா முடிச்சு அனுப்புன்னு சொல்லிடுச்சு. குரோம் பெருகிடுச்சு. வாரக்கணக்கு வேலை நாள்கணக்கா ஆச்சு.

எல்லாரும் குரோமைத்தான் திட்டுவாங்க. எங்க மண்ணைக் கெடுத்ததுல உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பச்சைத்தோல் அழுகாம இருக்க உப்பு தடவித்தான் ஷாப்புக்கு வரும். கழுவினா அத்தனையும் தண்ணியில. குரோமை வண்டலா இறக்கிடலாம், கரைஞ்ச உப்பு இறங்காது. 1990கள்ல பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் எங்க கிணறு இனிக்காததுக்கு அதான் காரணம். தண்ணி பாய்ஞ்ச பாத்தி காய்ஞ்சா வெள்ளையா பூக்கும். மல்லாட்டை ரெண்டு இலை விட்டு கருகிடும். நைனா அந்த மண்ணை எடுத்து நாக்குல வெச்சுப் பார்த்துத் துப்புவார்.

1991ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. வாதாடினவர் எம்.சி.மேத்தா. அந்த வழக்குல எனக்குப் பிடிச்சது சட்டம் இல்லை, கணக்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி, டேனரிப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு ஆகாமப் போயிருந்தது. திண்டுக்கல் பக்கமும் இதே கதை. அங்க பீஸ் மெம்பர்ஸ்னு ஒரு தொண்டு அமைப்பு 13 ஊர்ல கிணறு கிணறா எண்ணுச்சு. 467 கிணத்துல 350 கெட்டிருந்தது. யாரோ வெயில்ல நடந்து ஒவ்வொரு கிணத்தையும் எட்டிப் பார்த்திருக்காங்க இல்லையா? அந்த எண்ணிக்கையை நீதிபதி குல்தீப் சிங் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்புல அப்படியே எழுதினார். கெடுத்தவங்கதான் காசு கொடுக்கணும்னு சொன்ன தீர்ப்பு அது. இன்னிக்கு சட்டம் படிக்கிற பசங்க எல்லாம் இதைப் படிக்கிறாங்க.

அதுக்கப்புறம் இழப்பீட்டுக்குன்னு ஒரு ஆணையம் வந்தது. 2001ல அது வேலூர் மாவட்டத்துக்குச் சொன்ன தொகை சுமார் 26.82 கோடி. கேட்க பெருசா இருக்கும். வாங்க வேண்டியவங்க 29,193 பேர். வகுத்துப் பாருங்க, தலைக்கு 9,200 ரூபாய்கூட வரலை. அதுவும் 1991 ஆகஸ்ட்லேருந்து 1998 டிசம்பர் வரைக்கும் பட்ட நஷ்டத்துக்கு. 1999 ஜனவரி ஒண்ணாந்தேதி மண்ணு சரியாயிடுச்சா என்ன!

நைனா பேருக்கும் கொஞ்சம் வந்தது. ஒரு பசு வாங்கினார். அது எங்க கிணத்துத் தண்ணியில வாய் வைக்காது. அம்மா தெருக்குழாயிலிருந்து குடம் குடமா தூக்கி வந்து ஊத்தினாங்க.

டேனரியே வேண்டாம்னு நான் சொல்லலை. என் தம்பி கூலி அங்கேருந்துதான் வந்தது, அதுலதான் அவன் பொண்ணு காலேஜ் படிச்சா.

2025 ஜனவரி 30ல உச்ச நீதிமன்றம் திரும்பவும் பேசியிருக்கு. பாக்கி இழப்பீட்டை அரசாங்கம் ஆறு வாரத்துல கொடுத்துட்டு, கெடுத்தவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும். கெட்டது சரியாகிற வரைக்கும் அவங்க பொறுப்பு தீராது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில குழுவும் போடச் சொல்லியிருக்கு. அப்படின்னா யாராவது திரும்ப எண்ணியாகணும்.

அதனால நாங்க பக்கத்துக் கயனிக்காரங்க நாலு பேர் சேர்ந்து உப்பு பார்க்கிற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கியிருக்கோம். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை கிணறு, போர் எல்லாம் பார்த்து, தம்பி பொண்ணோட பழைய நோட்டுல தேதி போட்டு எழுதுறோம். நெல்லுக்கு முன்னாடி தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுறோம். ஏரிக்கரை ஓரத்துல ரெண்டு கிணத்துல மட்டும் மழைக்கப்புறம் அளவு குறையுது. மத்ததுல அசைவே இல்லை. அதையும் எழுதி வெச்சிருக்கோம்.