முத்துக்கரையில் மதமும் வாளும்

மாப்பிள்ளையூரணியை அடுத்த தூத்துக்குடிக் கரையிலே பரதவர் கிறித்துவராயது வாளுக்கு அஞ்சியன்று. வாளின் துணையை வேண்டியே. முத்துச் சலாபத்தின் பொருட்டு முஸ்லிம் வணிகரோடு பகை மூண்டபோது அவர்தம் தலைவர் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசரை அடுத்தனர். 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆங்குக் கொள்கையாராய்ச்சி நிகழ்ந்திலது. படைக்காவலுக்கு மதமாற்றமே விலையாயிற்று. 1542இல் வந்த பிரான்சிசு சவேரியார், அம்மக்கள் தம் புதுச்சமயத்தைச் சிறிதும் அறிந்திலர் என்று தாமே எழுதினார். சிறுவர் விக்கிரகங்களை உடைத்தமையை உவந்து எழுதியவரும் அவரே.

இதுகாறும் கூறியது பிறர் குற்றம். சைவர் தம்மவர் குற்றத்தை மறைத்தல் நடுவுநிலையாகாது. 1544இல் யாழ்ப்பாணத்தரசன் சங்கிலி, மன்னாரிலே மதம் மாறிய ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான். போர்த்துக்கீசர் ஆதிக்கம் தன்னாட்டிற் புகுமென்னும் அச்சமே காரணமென்பர், அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் மாண்டோர் படைஞரல்லர், கரைவாழ் எளிய குடிகள். மலபரிபாகமும் சத்திநிபாதமும் உயிரின் பக்குவம் நோக்கி நிகழ்வன என்று கொண்ட சித்தாந்தத்தில் அக்கொலைக்கு இடம் யாண்டையது? அதனால் மன்னாரிற் கிறித்துவம் அழிந்ததுமில்லை. 1621இல் பிலிப் தே ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அக்கோயிலும் ஒல்லாந்தர் ஆட்சியிலேயே மீண்டும் எழுந்தது.