முதல் வலிப்பும் மூளையில் நாடாப்புழுக் கொப்புளமும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

நல்ல உடல்நலத்துடன் இருந்த ஒருவருக்குத் திடீரென வலிப்பு வருகிறது. சி.டி. ஸ்கேன் எடுத்த பின், “மூளையில் சிறு கட்டி தெரிகிறது, நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம்” என்று மருத்துவர் கூறுகிறார். “நாங்கள் இறைச்சியைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிப் புழு வரும்?” என்பது அதைக் கேட்ட குடும்பத்தினர் பெரும்பாலும் எழுப்பும் முதல் கேள்வி. மலையைச் சுற்றி வாழும் அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் பல உள்ளன. ஆகவே இக்கேள்விக்கு முதலில் விடை கூறி, அதன் பின் அண்மைக்கால மருத்துவ ஆய்வுகளால் சிகிச்சையில் ஏற்பட்டுள்ள மாற்றங்களை இப்பக்கம் விளக்குகிறது.

இந்நோய் எவ்வாறு வருகிறது?

இதன் மருத்துவப் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். பன்றி நாடாப்புழுவே இதற்குக் காரணம். இப்புழு மனித உடலில் இரு வேறு வழிகளில் வாழ்கிறது. அவ்விரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது முக்கியம்.

முதல் வழி: புழுவின் இளம்பருவக் கொப்புளங்கள் உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் ஒருவர் உண்டால், அவருடைய குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரும்பாலும் எவ்விதத் தொல்லையும் இராது. ஆனால் அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும்.

இரண்டாம் வழி: அந்த முட்டைகள் கழுவாத கைகள், காய்கறிகள், குடிநீர் ஆகியவற்றின் வழியாக வேறொருவரின் வாய்க்குள் சென்றால், அவை குடலில் பொரிந்து இரத்தத்தில் கலந்து தசை, கண், மூளை ஆகிய உறுப்புகளில் கொப்புளங்களாகத் தங்கும். குடலில் புழு உள்ளவருக்கே தம் கையின் வழியாக இவ்வாறு நேர்வதும் உண்டு.

ஆகவே மூளையில் கொப்புளம் உண்டாவது பன்றி இறைச்சி உண்பதால் நேரடியாக அன்று. புழுவின் முட்டையை விழுங்குவதால்தான். வாழ்நாள் முழுவதும் சைவ உணவே உண்டவருக்கும் இது வரும். நோயாளி மறைவாக இறைச்சி உண்டார் என்று ஐயுறுவதற்கும், அவரைக் குறைவாகப் பேசுவதற்கும் எவ்வித அடிப்படையும் இல்லை.

மூளையில் தங்கிய கொப்புளம் பல மாதங்களோ பல ஆண்டுகளோ எவ்வித அறிகுறியுமின்றி இருக்கலாம். அது அழியத் தொடங்கும்போது அதைச் சுற்றி வீக்கம் ஏற்படுகிறது. அப்போதுதான் வலிப்பு, தலைவலி போன்றவை தோன்றுகின்றன. அதாவது, பலருக்கு முதல் வலிப்பு வரும் வேளையில் புழுவின் இளம்பருவம் ஏற்கெனவே அழிந்துகொண்டிருக்கிறது.

நம் பகுதியில் நடந்த ஆய்வுகள்

1980-களில் இந்தியாவில் சி.டி. ஸ்கேன் பரவலானபோது, வலிப்புடன் வந்த பலரின் மூளையில் ஒற்றைச் சிறு கட்டி காணப்பட்டது. அது காசநோய்க் கட்டி என்று கருதப்பட்டுப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்துகள் தரப்பட்டன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்களான மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் இத்தகைய கட்டிகளை எடுத்து ஆய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவத்தால் உண்டானவை என்று காட்டினர். அறுவை செய்யாமலேயே இக்கட்டியைக் கண்டறிவதற்கான விதிமுறைகளை அவர்கள் வகுத்துச் சோதித்து 1997-இல் வெளியிட்டனர். கட்டி ஒன்றாக இருத்தல், 20 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல், மூளையின் நடுக்கோடு விலகும் அளவுக்கு வீக்கம் இல்லாதிருத்தல், நாளுக்கு நாள் கூடும் கை, கால் பலவீனம் இல்லாதிருத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவ்விதிமுறைகளால் எண்ணற்ற நோயாளிகள் தேவையற்ற அறுவையிலிருந்தும் தேவையற்ற காசநோய் மருந்திலிருந்தும் காக்கப்பட்டனர்.

பின்னர் வேலூர் நகரிலும் கிராமங்களிலுமாகச் சுமார் 50,000 மக்களிடையே வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. 1,000 பேருக்கு ஏறத்தாழ 4 பேருக்குத் தொடர் வலிப்பு நோய் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நாடாப்புழுக் கொப்புளமே காரணமாக இருந்தது. நகரம், கிராமம் என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை. திருவண்ணாமலையும் வேலூரும் 1989 வரை ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்தவை என்பதை இங்கு நினைவிற்கொள்க.

இந்த முடிவில் ஒரு நற்செய்தியும் அடங்கியுள்ளது. வலிப்பு நோயின் காரணங்களுள் பல தடுக்க இயலாதவை. இதுவோ முற்றிலும் தடுக்கக்கூடியது.

சிகிச்சையில் ஆய்வுகள் கொணர்ந்த மாற்றங்கள்

சிகிச்சையில் மூன்று வகை மருந்துகள் பயன்படுகின்றன: வலிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து, புழுவை அழிக்கும் மருந்து, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து. எல்லா நோயாளிகளுக்கும் மூன்றும் தேவைப்படா.

தானாகவே அழியும் கொப்புளத்துக்குப் புழுமருந்து எதற்கு என்ற ஐயம் மருத்துவர்களிடையே நெடுங்காலம் இருந்தது. 1990-களில் தில்லியில் நடந்த ஓர் ஆய்வு புழுமருந்தால் தனிப் பயன் இல்லை என்றது. 1998-இல் சண்டிகரில் சிறுவர்களிடையே நடந்த ஆய்வோ, அல்பெண்டசோல் தரப்பட்டவர்களின் கட்டி விரைந்து மறைந்ததாகக் கூறியது. உயிருள்ள கொப்புளங்கள் கொண்ட 120 நோயாளிகளைப் பெரு நாட்டில் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவில், அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்கு உடல் முழுவதும் பரவும் வலிப்புகள் குறைந்திருந்தன. அதே நாட்டில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், அல்பெண்டசோலுடன் பிராசிகுவாண்டெல் சேர்த்துப் பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினருக்குக் கொப்புளங்கள் முழுவதும் மறைந்தன. வழக்கமான அளவில் அல்பெண்டசோல் மட்டும் பெற்றவர்களுள் 37 விழுக்காட்டினருக்கே மறைந்தன. கொப்புளங்கள் பல இருந்தவர்களுக்கே இக்கூட்டு மருந்து மிகுந்த பயன் தந்தது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்நோய்க்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றின் சாரத்தை நோயாளிகள் பின்வருமாறு புரிந்துகொள்ளலாம்.

• கட்டி ஒன்றாகவும் உயிர்ப்புடனோ அழியும் நிலையிலோ இருந்தால், ஸ்டீராய்டுடன் அல்பெண்டசோல் குறுகிய காலத்துக்குத் தரப்படும்.

• உயிருள்ள கொப்புளங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு புழுமருந்துகளும் சேர்த்துத் தரப்படலாம்.

• கொப்புளம் ஏற்கெனவே அழிந்து சுண்ணாம்புப் புள்ளியாக மாறியிருந்தால் புழுமருந்து தேவையில்லை. வலிப்பு மருந்து மட்டும் போதும்.

• மூளை முழுவதும் கொப்புளங்கள் நிறைந்து கடும் வீக்கம் இருந்தால் புழுமருந்து தரக் கூடாது. முதலில் வீக்கத்தையே குறைக்க வேண்டும்.

புழுமருந்தைத் தாமாக வாங்கி உண்ணாதீர்கள்

குடற்புழு நீக்க நாள்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரை குடற்புழுக்களுக்கானது. அது பாதுகாப்பானது; குழந்தைகளுக்கு அவசியம் தரப்பட வேண்டியது. ஆனால் மூளையில் கொப்புளம் உள்ளது என்று அறிந்த பின், அதே மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கித் தாமாகப் பல நாள் உண்பது ஆபத்தானது. பல புழுக்கள் ஒருசேர அழியும்போது மூளையில் வீக்கம் கூடி, கடும் வலிப்பும் மயக்கமும் ஏற்படலாம். கண்ணுக்குள் கொப்புளம் இருந்தால் பார்வையே பாதிக்கப்படலாம். எனவே புழுமருந்து தொடங்குமுன் கண் பரிசோதனை செய்யப்படுகிறது. ஸ்டீராய்டு தொடங்குமுன் காசநோய், நீரிழிவு போன்றவை உள்ளனவா என்றும் பார்க்கப்படுகிறது. இப்பரிசோதனைகளைக் காலதாமதம் என்று எண்ண வேண்டா.

வலிப்பு மருந்தை எவ்வளவு காலம் உண்ண வேண்டும்?

வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண நேருமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒற்றைக் கட்டி உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு அந்நிலை வருவதில்லை. கட்டி முற்றிலும் மறைந்து, கடைசி வலிப்புக்குப் பின் 6 மாதங்கள் வலிப்பின்றி இருந்தால், மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது குறித்து மருத்துவர் முடிவு செய்யலாம் என்று 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

ஆயினும் எல்லார்க்கும் இது பொருந்தாது. கட்டி இருந்த இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி எஞ்சியிருத்தல், இரண்டுக்கு மேற்பட்ட முறை வலிப்பு வந்திருத்தல், மருந்து உண்ணும்போதே வலிப்பு வந்திருத்தல் ஆகிய மூன்றும் மருந்தை நிறுத்திய பின் வலிப்பு திரும்புவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று வேலூரில் 210 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகையோர் நெடுங்காலம் மருந்து உண்ண வேண்டியிருக்கும்.

ஆகவே மருந்தை நிறுத்தும் நாளைத் தீர்மானிப்பது மீண்டும் எடுக்கப்படும் ஸ்கேனும் மருத்துவரின் முடிவுமே. சில மாதங்களாக வலிப்பு வரவில்லை என்பதாலோ, வேண்டுதல் நிறைவேறியது என்பதாலோ மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். அவ்வாறு நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோவிலுக்குச் செல்லுங்கள், கிரிவலமும் செல்லுங்கள், மாத்திரையை உடன் எடுத்துச் செல்லுங்கள். விரதம் இருக்க விரும்பினால் மாத்திரையை எப்போது உண்பது என்று முன்னரே மருத்துவரிடம் கேளுங்கள். உறக்கமின்மை வலிப்பைத் தூண்டும். எனவே பௌர்ணமி இரவில் கண்விழித்து நடப்பதைத் தவிர்த்துப் பகலில் நடப்பது நல்லது.

கருவுற்றிருப்பவரும் கருவுறத் திட்டமிடுபவரும் மருந்தை நிறுத்தாமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். கருவிலுள்ள குழந்தைக்கு ஏற்ற மருந்தாக மாற்றித் தர இயலும்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியவை

• நோயாளியை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள்.

• அருகிலுள்ள அடுப்பு, கல், கூரிய பொருள்களை அகற்றுங்கள். கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள்.

• கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டா. அதனால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்கும் வேளையில் கொடுப்பதால் அவ்வாறு தோன்றுகிறது.

• வாயில் கரண்டி, துணி, தண்ணீர், மாத்திரை எதையும் வைக்காதீர்கள். கை, கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

• நேரத்தைப் பாருங்கள். வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும், முதல்முறை வலிப்பாக இருந்தாலும், காயமோ கருவோ இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் அனுமதிக்கும் வரை வாகனம் ஓட்டுதல், கிணற்றிலும் குளத்திலும் தனியே குளித்தல், உயரத்தில் ஏறிப் பணிபுரிதல் ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள். பள்ளி செல்வதையோ வேலைக்குச் செல்வதையோ நிறுத்த வேண்டிய தேவையில்லை.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டிய பரிசோதனை

நோயாளியின் மூளையில் உள்ள கொப்புளம் மற்றவருக்குப் பரவாது. அவருடன் உண்பதாலோ உறங்குவதாலோ எவருக்கும் தீங்கில்லை. ஆனால் அவருக்கு முட்டை எங்கிருந்து வந்தது என்பதைத் தேட வேண்டும். குடலில் புழு உள்ள ஒருவர் அதே வீட்டில், சமைப்பவராகவே கூட, இருக்கலாம். அவருக்கு அது தெரிந்திராது. ஆகையால் வீட்டிலுள்ள அனைவரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலத்தில் வெண்ணிறப் பட்டைத் துண்டுகளைக் கண்டவர் தயங்காமல் கூறுங்கள். குடலில் உள்ள புழுவை எளிய மருந்தால் நீக்கிவிடலாம். யாரைக் குற்றம் சாட்டுவதும் இதன் நோக்கமன்று. அடுத்த ஒருவருக்கு வலிப்பு வராமல் தடுப்பதே நோக்கம்.

அத்துடன் கழிப்பறைக்குச் சென்ற பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் சோப்பால் கைகளைக் கழுவுங்கள். பச்சையாக உண்ணும் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, கேரட் ஆகியவற்றை ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். தோல் சீவக்கூடியவற்றைச் சீவுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பருகுங்கள். திறந்தவெளியில் மலம் கழிப்பதைத் தவிர்த்திடுங்கள். பன்றி இறைச்சி உண்பவர்கள் அதை உட்புறம் வரை நன்கு வேகவைத்து உண்ணுங்கள். கிரிவலப் பாதையில் உணவு வழங்குவோரும் அன்னதானம் செய்வோரும் கைகழுவும் நீரும் சோப்பும் அருகிலேயே இருக்குமாறு ஏற்பாடு செய்தால், பல ஊர்களிலிருந்து வரும் மக்களுக்கும் அது பாதுகாப்பாகும்.

திருமணமும் சட்டமும்

வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க முன்பு சட்டத்தில் இடம் இருந்தது. 1999-ஆம் ஆண்டின் திருமணச் சட்டங்கள் (திருத்த) சட்டம் அதை இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கிவிட்டது. நோயை மறைப்பதால் புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைத்து உண்ண நேர்கிறது. நாளடைவில் அது நின்றுபோய் வலிப்பு திரும்புகிறது. ஆதலால் உண்மையைக் கூறுவதே நோயாளிக்குப் பாதுகாப்பு. தேவைப்படின் இரு குடும்பத்தாரும் மருத்துவரிடம் ஒருங்கே வந்து விளக்கம் பெறலாம்.

எங்கு அணுகுவது?

முதலில் தங்கள் பகுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். அங்கிருந்து தேவைக்கேற்பத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். பழைய ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், வலிப்பு வந்த நாள்களின் குறிப்பு ஆகியவற்றை உடன் கொண்டு வாருங்கள். வலிப்பை நேரில் கண்டவர் ஒருவர் உடன் வருவது நோயறிதலுக்குப் பேருதவியாகும்; கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் அதையும் காட்டலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்தில் கூறப்பட்டவை பொதுவான தகவல்களே. தங்களுக்கு உரிய மருந்தையும் அளவையும் காலத்தையும் தங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.