அண்டை மீனும் சோடிச் சண்டையும்: சிக்லிட் இனப்பெருக்கத் தொட்டியில் தாக்குதல், காயம், பரிகாரம்

முட்டையிடும் பருவத்தில் சிக்லிட் ஆண் தன் சோடிப் பெண்ணையே கடித்துக் குதறுவது மீன் வளர்ப்போர் நன்கறிந்த தொல்லை. இதற்கு அவர்கள் கைக்கொள்ளும் பரிகாரங்களுள் ஒன்று, தொட்டியில் வேறொரு மீனை விடுவது, அல்லது கண்ணாடிக்கு அப்பால் அதே இனத்து மீன் தெரியும்படி வைப்பது. ஆணின் சீற்றம் அந்த அயலான் பக்கம் திரும்பும், பெண் தப்பும். இம்முறை பல வேளைகளில் பலிக்கவே செய்கிறது. ஆனால் அது பலிப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆய்வுக்கு நிற்பதில்லை. காரணத்தைத் தவறாகக் கொள்வதால் முறையைக் கையாளும் நேரமும் இடமும் தவறுகின்றன, காயங்கள் பெருகுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லோரென்சின் விளக்கம்

அந்த வழக்கமான காரணம் கொன்ராட் லோரென்சிடமிருந்து வருவது. விலங்குகளின் தாக்கும் இயல்பு பற்றி 1963இல் வெளிவந்த தம் நூலில், தாக்கும் வேட்கை உடலுக்குள் தானாகவே ஊறிச் சேர்கிறது என்றார் அவர். நீர் நிரம்பும் கலம்போல, வடிய வழியில்லாதபோது அது அற்பத் தூண்டுதலுக்கும் உடைத்துக்கொண்டு பாயும் என்பது அவர் கருத்து. கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் இரண்டு சிக்லிட் சோடிகளை வைத்திருந்தபோது, தடுப்பில் பாசி படர்ந்து அயலார் மறைந்ததும் ஆண் தன் பெண்ணிடம் முரடாக நடந்தது. பாசியைத் துடைத்ததும் சீற்றம் அயலாரிடம் திரும்பி, சோடிக்குள் அமைதி மீண்டது. இதை அவர் சான்றாகக் காட்டினார்.

இக்கருத்தை ஆன் ராசா 1969இல் ஆரஞ்சு குரோமைடு மீனில் சோதித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளிலும் ஆற்று முகங்களிலும் வாழும் சிறு சிக்லிட் இது; கேரளத்தில் இதற்குப் பள்ளத்தி என்று பெயர். கல்லிலோ வேரிலோ இடப்பட்ட முட்டைகளைத் தாயும் தந்தையும் சேர்ந்து காக்கின்றன. குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்கின்றன. இவ்வளவு நெருக்கமான கூட்டுப் பொறுப்புள்ள இனத்திலும், தனித்து அடைக்கப்பட்ட சோடிகளுக்குள் சண்டை மிகுந்தது, இனப்பெருக்கம் குன்றியது. தம் இனத்தாரோடு இருந்த சோடிகள் அவற்றைவிட நன்கு நிலைத்தன.

காட்டப்பட்டதும் காட்டப்படாததும்

ராசாவின் முடிவு அண்டையார் தேவை என்பதைக் காட்டுகிறது. அவர்கள் எதற்காகத் தேவை என்பதை அது காட்டவில்லை. உள்ளே சேர்ந்த வேட்கை வடிவதற்காகத்தான் என்றால், நெடுநாள் தனித்திருந்த மீன் மேலும் மேலும் சீறத் தயாராக இருக்க வேண்டும். வால்டர் ஹைலிகன்பெர்க், உர்சுலா கிராமர் இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாகச் சொல்கிறது. டாங்கனீக்கா ஏரிப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிக்லிட்டின் ஆணைச் சிறு மீன்களோடு விட்டு, அவற்றை அது எத்தனை முறை தாக்குகிறது என்று எண்ணினர். போட்டி ஆணின் பொம்மையைச் சிறிது நேரம் காட்டியதும் சிறு மீன்கள்மேல் தாக்குதல் கூடியது. நாள்தோறும் காட்டியபோது தாக்கும் மட்டமே மெல்ல உயர்ந்தது. காட்டுவதை நிறுத்தியபின் தணிந்தது. அதாவது வேட்கை தூண்டுதலால் வளர்கிறது, தூண்டுதலின்றித் தேய்கிறது. உள்ளாற்றல் தேங்கி வழிகிறது என்னும் வகைக் கோட்பாடுகளை ராபர்ட் ஹிண்ட் 1960இலேயே கேள்விக்குள்ளாக்கியிருந்தார்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. போட்டியாளனைக் கண்ட ஆண் அருகிலிருக்கும் எளிய மீனைக் கூடுதலாகத் தாக்கும் என்கிறது ஓர் ஆய்வு. அயலாரைக் கண்ட ஆண் தன் பெண்ணை விட்டுவைக்கும் என்கிறது மற்றொன்று. இரண்டையும் ஒருசேர ஏற்க ஒரு வழி உண்டு: அந்தப் பெண் அப்போது ஆணுக்கு யார் என்று கேட்பது. சோடி சேர்ந்து, எல்லையைக் கூடிக் காக்கும் பெண்ணுக்கு அயலான் பொது எதிரி. ஆண் எல்லையில் நிற்க, அவள் முட்டைமேல் நிற்கிறாள். சோடி சேராத பெண்ணோ ஆணின் எல்லைக்குள் சிக்கிய இன்னொரு எளிய மீன் மட்டுமே. அயலானைக் கண்டு மூண்ட சீற்றம் அவள்மேலேயே இறங்கும்.

இதோடு தொட்டியின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயற்கை நீர்நிலையில் முட்டைக்குப் பக்குவப்படாத பெண் துரத்தப்பட்டால் எல்லையைத் தாண்டிப் போய்விடும். துரத்தலும் அங்கே முடியும். தொட்டியில் எல்லைக்கு வெளியே என்று ஓர் இடமில்லை. தோற்று ஓடிய மீன் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. ஒவ்வொரு முறையும் புதுத் தூண்டுதலாகிறது. ஒரு கடியில் தீரவேண்டிய வழக்கு, உயிர் போகும்வரை நீள்வது இதனால்தான்.

காயம் சொல்லும் செய்தி

இந்த விளக்கம் சரியென்றால் காயங்களையும் வேறு கண்ணோடு பார்க்கலாம். வாயோடு வாய் கவ்வி இழுத்ததால் உதடு கிழிந்திருந்தால், இரண்டும் ஏறத்தாழச் சம வலிமையுள்ளவை. ஒன்றையொன்று அளந்து பார்த்திருக்கின்றன. வால் துடுப்பு கந்தலாகி, பின்பக்கச் செதில்கள் உதிர்ந்திருந்தால், ஒன்று ஓடியது, மற்றது விடாமல் துரத்தியது. முதல் வகையில் கண்காணித்துப் பொறுத்திருக்க இடமுண்டு. இரண்டாம் வகையில் உடனே பிரிக்க வேண்டும். புண்ணே இல்லாமல், நீர்ப்பரப்பின் மூலையில் ஒடுங்கி, உணவை மறுத்து நிற்கும் மீனும் ஆபத்தில் இருப்பதே. ஓயாத அச்சத்தில் கார்டிசால் மிகுந்து நோயெதிர்ப்பு தாழ்வதால், கடிபடாமலே அது இறந்துபோகலாம்.

செதில் உதிர்ந்த இடத்தில் மீன் இழப்பது தோலை மட்டுமன்று, நீர்ச் சமநிலையையும்தான். நன்னீர் மீனின் உடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் அளவுக்கு உப்புச்செறிவு உண்டு. வெளிநீரில் அது மிகக் குறைவு. எனவே புண் வழியே நீர் உள்ளே புகுகிறது, உப்பு வெளியே கசிகிறது. தனித் தொட்டியில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பிடுவது இந்த இடைவெளியைக் குறைத்து மீனின் உழைப்பை மிச்சப்படுத்தும். உவர்நீருக்குப் பழகிய ஆரஞ்சு குரோமைடுக்கு இது இயல்பான சூழலும்கூட. தூய நீரில் தோலின் மேற்செல்கள் நகர்ந்து சிறு புண்ணைச் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும்.

மருந்தில் பிழை நேர்வது பெரும்பாலும் நோயறிவதில்தான். புண்மேல் பஞ்சுபோல் படரும் வெண்மை எல்லாம் பூஞ்சையன்று. சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூஞ்சை இழையிழையாக நீண்டு நிற்கும். கிழிந்த உதட்டில் தட்டையாகப் படரும் வெண்சாம்பல் படலம் ஃபிளாவோபாக்டீரியம் காலம்னாரே என்னும் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மருந்து பயன்படாது. காரணம் தெரியாமல் ஆன்டிபயாட்டிக்கைக் கரைப்பது வடிகட்டியின் நன்மைக் கிருமிகளையும் கொல்லும். மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புண் ஆறிய பெண்ணை அதே தொட்டியில், அதே ஆணிடம், அதே அமைப்பில் திரும்ப விடுவது சிகிச்சையே ஆகாது.

கையாளும் முறை

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, அண்டை மீனைச் சோடி சேர்ந்தபின் காட்ட வேண்டும், முன்பு அன்று. சோடி சேரும்வரை ஆணையும் பெண்ணையும் துளையிட்ட தடுப்பால் பிரித்து, ஒன்றையொன்று பார்க்க விடுவது நல்லது. பெண் சிறியதாயின், அவள் மட்டும் நுழையுமளவு துளை விட்டால் தப்பும் வழி அவள் வசமாகிறது. இரண்டாவது, அண்டை மீன் கண்ணாடிக்கு அப்பால் இருக்க வேண்டும். அதே தொட்டிக்குள் விடப்படும் மீன் பொது எதிரியாக நிற்பதில்லை. ஓட இடமற்ற அடுத்த பலியாகிறது. மூன்றாவது, பார்வையை மறைக்கும் கற்களும் மண்சட்டிகளும் அலங்காரமன்று. தோற்ற மீன் கண்ணில் படாமல் இருக்க இடமளிப்பதால், தொட்டியில் இல்லாத எல்லைக்கோட்டை அவையே உண்டாக்குகின்றன.

இவ்விதிகளுக்கு வரம்பும் உண்டு. வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் முதலிய இடங்களில் பெருக்கப்படும் ஃபைட்டர் மீனில், நுரைக்கூட்டையும் முட்டைகளையும் ஆண் மட்டுமே காக்கிறது. முட்டையிட்ட பெண் அதன் கண்ணுக்குத் துரத்த வேண்டிய அயலாளே. கூடிக் காப்பது இல்லாததால் அண்டை ஆணைக் காட்டுவதில் பயனில்லை. முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிடுவதே பரிகாரம். வேட்கை வடிகிறது என்ற விளக்கம் இந்த வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்லாது. கூட்டுக் காவல் என்ற விளக்கம் சொல்லும்.

இங்கு முன்வைத்தது ஓர் ஊகமே. அதைச் சோதிப்பதும் எளிது. ஒரே அளவுள்ள ஆரஞ்சு குரோமைடு சோடிகளில் சிலவற்றுக்கு அண்டை மீனைச் சோடி சேருமுன் மட்டும், சிலவற்றுக்கு முட்டையிட்டபின் மட்டும் காட்டி, சிலவற்றுக்குக் காட்டாமலே விட்டுப் பெண்மேல் விழும் கடிகளை எண்ணலாம். லோரென்ஸ் சொன்னது சரியானால், எப்போது காட்டினாலும் கடி குறைய வேண்டும். முன்பு காட்டியபோது கூடி, பின்பு காட்டியபோது குறைந்தால், அவருடைய விளக்கத்தைக் கைவிட்டு அவர் கண்ட நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொள்வதே முறை.