நோறா வெளியேறிய பின்னர்: சீனப் பெண்களின் கதை



நோர்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். நாயகி நோறா கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். அவள் கதவைச் சாத்தும் ஓசையுடன் நாடகம் முடிகிறது. 1918 இல் இது சீனமொழியில் வெளியானபோது படித்த இளம் பெண்கள் பலருக்கு நோறா ஒரு வழிகாட்டியானாள்.

1923 டிசம்பரில், பீஜிங்கில் மகளிர் கல்லூரியொன்றில் உரையாற்றிய எழுத்தாளர் லூ சுன், நோறா வெளியேறிய பின்னர் என்ன நடக்கும் என்று கேட்டார். கையில் காசில்லாதவள் கெட்டுப்போவாள், அல்லது வீட்டுக்கே திரும்பி வருவாள். ஆகவே முதலில் வேண்டியது பொருளாதார உரிமை என்பது அவர் வாதம். சீனப் பெண்களின் நிலைபற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

பழைய சீனத்தில் பெண்ணுக்கு மூன்று கீழ்ப்படிதல்கள் விதிக்கப்பட்டிருந்தன. மணமாகுமுன் தந்தைக்கு, மணமானபின் கணவனுக்கு, கணவன் இறந்தபின் மகனுக்கு. சிறு வயதிலேயே பாதங்களை இறுகக் கட்டி எலும்பை வளைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. 1912 இல் குடியரசு அதனைத் தடைசெய்த பின்னரும் கிராமங்களில் அது உடனே ஒழியவில்லை. வசதிபடைத்தோர் வைப்பாட்டிகளை வீட்டிலேயே வைத்திருந்தனர். ஏழைகள் பெண்பிள்ளைகளை விற்றனர்.

லூ சுன் 1924 இல் எழுதிய 'புத்தாண்டுப் பலி' என்ற சிறுகதையை நான் முதன்முதலில் வாசித்தபோது என்னை உலுக்கியது, அதன் நாயகிக்குப் பெயரே இல்லை என்பதுதான். இறந்துபோன முதற் கணவனின் பெயரைச் சொல்லி, 'சியாங்லினின் மனைவி' என்றே ஊர் அவளை அழைக்கிறது. மாமியார் அந்த விதவையைப் பிடித்துச் சென்று மலைக் கிராமத்தவன் ஒருவனுக்கு விற்று, அந்தப் பணத்தில் இளைய மகனுக்குப் பெண் எடுக்கிறாள். இரண்டாவது கணவன் நோயால் இறக்கிறான். குழந்தையை ஓநாய் தின்றுவிடுகிறது. மறுமணம் செய்தவள் என்பதால் வேலை செய்யும் வீட்டில் படையற் பொருளைத் தொடவும் அவளுக்கு அனுமதியில்லை. அவள் வெளியேறுவதற்குக் கதவே இல்லை.

1949 இல் மக்கள் சீனம் மலர்ந்தது. 1950 மே 1 இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், புதிய அரசின் முதற் சட்டங்களுள் ஒன்று. கட்டாய மணம், குழந்தை மணப்பேச்சு, வைப்பாட்டி முறை ஆகியவற்றை அது தடைசெய்தது. விதவையின் மறுமணத்தில் எவரும் தலையிடக்கூடாது என்றது. மணவிலக்குக் கோரும் உரிமையும் பெண்ணுக்குக் கிடைத்தது. சியாங்லினின் மனைவி இருபத்தைந்து ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால் சட்டமாவது அவள் பக்கம் நின்றிருக்கும். ஆனால் மணவிலக்குக் கேட்ட பெண்கள் பலர் கணவன் வீட்டாரால் தாக்கப்பட்டனர். கொல்லப்பட்டவர்களும் தற்கொலை செய்தவர்களும் உண்டு. 1953 இல் சட்டத்தை விளக்க நாடு தழுவிய இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

லூ சுன் கேட்ட பொருளாதார உரிமையும் ஓரளவு வந்தது. வயலிலும் தொழிற்சாலையிலும் பெண்கள் இறங்கினர். வானத்தின் பாதியைப் பெண்களே தாங்குகின்றனர் என்ற முழக்கம் எங்கும் ஒலித்தது. எனினும் கம்யூன்களிற் பெண்ணின் நாள் உழைப்புக்குப் பெரும்பாலும் ஆணுக்கு வழங்கியதிலும் குறைந்த புள்ளிகளே கிடைத்தன. வயலால் வந்தவளுக்கு அடுப்பும் காத்திருந்தது.

இதனை முன்கூட்டியே சொன்னவர் எழுத்தாளர் டிங் லிங். புரட்சியின் தளமான யெனானில், 1942 இல், மகளிர் தினத்தையொட்டி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மணம் செய்யாத பெண்ணையும் பழிக்கிறீர்கள், மணம் செய்தவளையும் பழிக்கிறீர்கள். பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்தவளைப் பின்னர் 'பிற்போக்கானவள்' என்று விலக்குகிறீர்கள் என்று தோழர்களிடமே முறையிட்டார். எதிரியின் குரலன்று அது. கட்சிக்குள் இருந்து எழுந்த குரல். கண்டனம் அவர்மீதே பாய்ந்தது. 1950 களின் இறுதியில் வலதுசாரி என முத்திரை குத்தப்பட்டு வடகிழக்கின் தொலைவான பண்ணைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் சிறையும் கண்டார். 1979 இலேதான் அவருக்கு மறுவாழ்வு. 1986 மார்ச் 4 இல், மகளிர் தினத்துக்கு நான்கு நாள் முன்னர், காலமானார்.

புரட்சி எதையும் மாற்றவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கட்டிய பாதங்களுடன் நடந்த பாட்டியின் பேத்தி மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்தது பெரும் மாற்றந்தான். ஆனால் ஒரு குழந்தைக் கொள்கை நடைமுறையிலிருந்த 2010 இல், 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 118 ஆண் குழந்தைகள் பிறந்தன. 2022 இல் தெரிவான கட்சியின் அரசியற் குழுவின் 24 உறுப்பினர்களில் ஒருவர்கூடப் பெண்ணில்லை.

கதவைச் சட்டம் திறந்துவிட்டது, வேலை கையிற் காசு கொடுத்தது. வெளியே வந்தவள் தன் குறையைத் தானே சொன்னபோது கேட்கும் செவி இருக்கவில்லை. லூ சுன்னின் கேள்விக்குப் புரட்சி பாதி விடை தந்தது. மறுபாதியைக் கேட்டவர் டிங் லிங். அதற்காக அவர் கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது.