தென்னை நலக்குறைவின் தொடக்க அறிகுறிகள்

தென்னை நலக்குறைவின் தொடக்க அறிகுறிகள் என்பவை, வீட்டுத் தோட்டத்தில் வளரும் தென்னை மரம் நோய், பூச்சித் தாக்குதல் அல்லது ஊட்டக் குறைபாட்டுக்கு ஆளாகும்போது அதன் மட்டை, குருத்து, தண்டு, காய் ஆகியவற்றில் முதலில் தோன்றும் மாற்றங்கள் ஆகும். தென்னைக்குக் கிளைகள் இல்லை. உச்சியில் ஒரே ஒரு வளர்நுனி மட்டுமே உண்டு. அது அழிந்தால் மரம் மீண்டும் துளிர்ப்பதில்லை. மேலும், ஒருவித்திலைத் தாவரமாகையால் இதன் தண்டில் கேம்பியம் என்னும் வளர்திசு இல்லை. எனவே தண்டில் ஏற்படும் காயம் ஆறி மூடுவதில்லை. இக்காரணங்களால் மா, வேம்பு போன்ற மரங்களைக் காட்டிலும் தென்னையில் அறிகுறிகளை விரைந்து கண்டறிவது இன்றியமையாததாகும்.

இயல்பான மரம்

நன்கு வளர்ந்த நெட்டைத் தென்னையில் பொதுவாக 30 முதல் 40 வரையிலான மட்டைகள் காணப்படும். ஏறத்தாழ மாதம் ஒரு புதிய மட்டை விரிகின்றது; அதே அளவில் அடிமட்டை காய்ந்து விழுகின்றது. ஆகவே, அடியில் ஓரிரு மட்டைகள் பழுப்பது நோயன்று. பல மட்டைகள் ஒருசேரப் பழுத்தல், புதிய மட்டைகள் முந்தையவற்றினும் சிறுத்து வருதல், காய்ந்த மட்டைகள் விழாமல் தண்டைச் சுற்றித் தொங்குதல் ஆகியவையே கவனிக்கத்தக்கவை.

மட்டைகளில் தோன்றும் அறிகுறிகள்

எந்த அடுக்கு மட்டையில் மாற்றம் முதலில் தோன்றுகின்றது என்பது காரணத்தை அறிய உதவும்.

வெளி மட்டைகள்: தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை மரத்தினுள் இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறையின்போது மரம் இவற்றை முதிர்ந்த மட்டைகளிலிருந்து இளம் மட்டைகளுக்கு எடுத்துக்கொள்வதால், மஞ்சள் நிறம் அடிமட்டைகளில் தொடங்கும். அடித்தண்டழுகல் நோயிலும் வெளி மட்டைகளே முதலில் வாடுகின்றன. எனவே இவை மஞ்சளாகும்போது தண்டின் அடிப்பகுதியையும் சோதிக்க வேண்டும்.

நடு மட்டைகள்: கீற்றுகள் விறைப்பிழந்து விலா எலும்புகள் போல் உள்நோக்கி வளைதல் வேர் வாடல் நோயின் தனி அடையாளமாகும். பைட்டோபிளாசுமா எனும் நுண்ணுயிரால் ஏற்படும் இந்நோய் கேரளத்தின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் 1882 ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டது. இது மரத்தை உடனே கொல்வதில்லை. ஆனால் விளைச்சலைப் படிப்படியாகக் குறைக்கின்றது. இதைப் போன்றதொரு பைட்டோபிளாசுமா நோய் இலங்கையின் வெலிகமைப் பகுதியில் 2006 இல் கண்டறியப்பட்டது.

உள் மட்டைகளும் குருத்தும்: விரிந்த மட்டையில் கத்தரித்தாற்போன்ற முக்கோண வெட்டுகள் இருந்தால், அது குருத்தாக இருந்தபோதே காண்டாமிருக வண்டு துளைத்துள்ளது எனலாம். புதிய கீற்றுகளின் நுனிகள் பிரியாமல் ஒட்டிச் சுருங்கி வருவது போரான் குறைபாடாகும். போரான் எளிதில் இடம்பெயராது என்பதால் இது இளம் மட்டையிலேயே தோன்றும். மழைக்காலத்தில் நடுக்குருத்து வெளிறி, இழுத்தால் துர்நாற்றத்துடன் கையோடு வந்துவிடுவது குருத்தழுகல் நோயாகும். பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற நுண்ணுயிரி இதற்குக் காரணம். வளர்நுனியையே தாக்குவதால் இதுவே மிக அவசரமான அறிகுறியாகும்.

தண்டில் தோன்றும் அறிகுறிகள்

- நிலமட்டத்திற்குச் சற்று மேலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடிதல்: கானோடெர்மா பூஞ்சையால் ஏற்படும் அடித்தண்டழுகல். 1952 இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் இது தஞ்சாவூர் வாடல் நோய் எனவும் அழைக்கப்படுகின்றது. அடித்தண்டில் காளான் தோன்றுவது முற்றிய நிலையாகும்.
- தண்டின் வெடிப்புகளில் சாறு வடிந்து கருமையாக உறைதல்: சாறு வடிதல் நோய்.
- துளைகள், அவற்றில் மென்று துப்பிய நார், பழுப்பு நிறக் கசிவு: சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்தால் புழுக்கள் கடிக்கும் ஓசை கேட்கக்கூடும். கொண்டை சாய்ந்த பின் மரத்தைக் காப்பாற்ற இயலாது.
- தண்டு இடையில் மட்டும் சிறுத்திருத்தல்: அப்பகுதி உருவான காலத்தில் நேர்ந்த வறட்சி அல்லது ஊட்டக் குறைவின் சுவடு. அதற்கு மேலே தண்டு மீண்டும் பருத்திருப்பின் அது நடப்பு நோயின் அறிகுறியன்று. உச்சியை நோக்கிக் கூம்பிச் செல்லுமாயின் குறைபாடு தொடர்கின்றது எனக் கொள்ளலாம்.

காய்களில் தோன்றும் அறிகுறிகள்

பெண் பூக்களில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் உதிர்வது இயல்பே. வளர்ந்த காய்கள் தொடர்ந்து உதிர்வது நீர்ப்பற்றாக்குறை, ஊட்டக் குறைவு அல்லது நோயைக் காட்டும். காம்பருகே வெளிறிய முக்கோணத் திட்டு தோன்றிப் பின்னர் பழுப்பாகி வெடிப்பது ஈரியோபைட் சிலந்தியின் தாக்குதலாகும்.

முதல் நடவடிக்கைகள்

குருத்தழுகலில் அழுகிய பகுதி முழுவதையும் வெட்டி நீக்கி, வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவப்படுகின்றது; அருகிலுள்ள மரங்களின் குருத்திலும் ஒரு விழுக்காட்டுப் போர்டோ கலவை தெளிக்கப்படுகின்றது. அடித்தண்டழுகலுக்கு ஆண்டுதோறும் மரம் ஒன்றுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டி மற்ற மரங்களின் வேர்களிலிருந்து பிரிப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. வேர் வாடல் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

சிவப்புக் கூன்வண்டு காயங்களில் முட்டையிடுவதால், பச்சை மட்டைகளை வெட்டுவதையும் தண்டில் ஏறுவதற்குப் படி செதுக்குவதையும் தவிர்ப்பது சிறந்த தடுப்பு முறையாகும். காண்டாமிருக வண்டு எருக்குழியில் பெருகுவதால், வீட்டு எருக்குழியை அவ்வப்போது கிளறிப் புழுக்களை அகற்ற வேண்டும்.