நெருப்புக்குச்சி தின்ற தாடைகள்



எமது எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது கல்சியத்தோடு சேர்ந்த பொசுபேற்று. ஒரு பொசுபரசு அணுவும் நான்கு ஒட்சிசன் அணுக்களும் இணைந்து, மூன்று மறை ஏற்றம் கொண்ட அயன் அது. அதே பொசுபரசு தனி மூலகமாக, வெண்பொசுபரசாக இருந்தால் கொடிய நஞ்சு. எமது ஊர் வெப்பத்திலேயே காற்றுப்பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் நீருக்குள்தான் வைப்பார்கள். 1669இல் ஹம்பர்க் நகரில் ஹென்னிங் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிப் பெற்றது இதைத்தான்.

19ஆம் நூற்றாண்டில், எங்கே உரசினாலும் எரியும் நெருப்புக்குச்சிகளை வெண்பொசுபரசில் செய்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகியது.

மாற்றுவழி இல்லாமலா? 1840களிலேயே வியன்னாவில் அன்டன் ஷ்ரொட்டர், காற்றில்லாமல் வெண்பொசுபரசைச் சூடாக்கி நஞ்சற்ற செம்பொசுபரசைப் பெற்றுவிட்டார். 1850களில் சுவீடனில் அதைப் பெட்டியின் பக்கத்தில் பூசிப் பாதுகாப்பான நெருப்புப்பெட்டி செய்தார்கள். ஆனாலும் மலிவான வெண்பொசுபரசை முதலாளிமார் விடவில்லை.

1888இல் இலண்டன் பிரையன்ட் அன்ட் மே ஆலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தண்டப்பணம் நின்றது, நஞ்சு படாமல் உண்பதற்குத் தனியறையும் இணங்கப்பட்டது. ஆனால் வெண்பொசுபரசைத் தடுக்கும் பேர்ண் உடன்படிக்கை 1906இல்தான் வந்தது. பிரித்தானியாவில் தடை நடைமுறைக்கு வந்தது 1910இல்.

மருந்து தெரிந்த நோய்க்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதம். பிள்ளைகளுக்கு அயன் ஏற்றத்தோடு இதையும் சொல்லிக்கொடுங்கள்.